அம்மா பெயர் எழுதிய பழைய காகிதம்: ஐ-130 மனுவுக்கு வந்த ஆர்.எஃப்.இ. (கூடுதல் சான்று கேட்கும் நோட்டீஸ்)

அப்பா காலமான பிறகு அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் அம்மாவின் கிரீன் கார்டுக்காக அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஐ-130 என்ற உறவினர் மனு போட்டேன். குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீடு என்ற வரம்பு இல்லை என்பதால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டாம். ஆவணமும் அதிகம் கேட்பதில்லை. அம்மாவுக்கு மனு என்றால் நான் குடிமகன் என்பதற்குச் சான்று, அம்மா பெயர் உள்ள என் பிறப்புச் சான்றிதழ், இவ்வளவுதான். அப்பாவுக்கு என்றால்தான் பெற்றோரின் திருமணச் சான்றும் சேரும்.

அந்தப் பிறப்புச் சான்றிதழில்தான் சிக்கல். நான் பிறந்தது 1974-இல், அம்மாவின் தாய்வீட்டில், மருத்துவச்சி கையில். யாரும் போய்ப் பதியவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்துவிட்டது என்றாலும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதை யார் கண்டார்கள்? பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிச் சான்றிதழே போதுமாக இருந்தது. பிறகு வேலை வழியாக எனக்கே கிரீன் கார்டு விண்ணப்பிக்கும்போது, 2005-இல் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் பதிந்தோம். அப்போது அந்தச் சான்றிதழை யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுவும் நியாயம்தான். அன்று பார்த்தது நான் யார் என்பதை. இப்போது பார்ப்பது இவர் என் தாயா என்பதை. முப்பத்தொரு வருடம் கழித்துப் பதிந்த காகிதம், அதுவும் குடிவரவு விண்ணப்பத்துக்கு முன்னால் பதிந்தது, தாய் மகன் உறவைத் தானாக நிரூபித்துவிடாது என்பது குடிவரவுத் துறையின் பார்வை.

ஆன்லைனில் கேஸ் நிலை மாறிச் சில நாள் கழித்துத்தான் நோட்டீஸ் தபாலில் வந்தது. பல பக்கம். பெரும்பகுதி எல்லோருக்கும் போகிற பொது வாசகம். உங்கள் கேஸைப் பற்றி எழுதியிருப்பது நடுவில் ஒரு பத்தி மட்டும் இருக்கும். அதைத் தேடிப்பிடித்து நாலு தடவை படியுங்கள். என்னுடையதில் இருந்தது இதுதான்: சான்றிதழ் தாமதமாகப் பதிவாகியிருக்கிறது, பிறந்த காலத்தை ஒட்டி உருவான வேறு ஆவணங்கள் தரவும், அவையும் இல்லை என்றால், நேரில் அறிந்த இருவரின் அஃபிடவிட் தரவும்.

கெடு விஷயத்தில் விதி கறார். அதிகபட்சம் 84 நாள், உள்நாட்டுத் தபாலுக்காக 3 நாள் சேரும். நீட்டிப்பு என்ற பேச்சே கிடையாது. அந்தத் தேதிக்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. பதில் போகாவிட்டால் மனுவைக் கைவிட்டதாக வைத்து நிராகரிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்ப வேண்டும் என்பதும் முக்கியம். கையில் இருப்பதை முதலில் அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால், முதல் கட்டை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

சரி, பழைய காகிதம் எங்கே இருக்கும்? முதலில் பள்ளிக்கூடம். ஊரில் இருக்கும் மச்சான் போய்க் கேட்க, ஹெச்.எம். பீரோவிலிருந்து 1979-ஆம் வருடச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். என் பெயர் இருந்தது, பிறந்த தேதியும் இருந்தது. பெற்றோர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் மட்டும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் அப்படித்தான், அம்மாவுக்கு இடமே இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுக் காகிதங்களைக் கிளறினால், பெற்றவள் யார் என்று எழுதி வைத்தது அபூர்வம் என்பது தெரியவரும். வாக்காளர் பட்டியலில்கூட அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர்தான், பிள்ளைகள் கிடையாது. நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவருக்கு இதே கேள்வி வந்தபோது, கைக்குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் கோயில் பதிவேட்டிலிருந்து வாங்கி அனுப்பினார், தாய் தகப்பன் இருவர் பெயரோடும். எங்கள் வீட்டில் மிஞ்சியது காதுகுத்துக்கு வந்த மொய் நோட்டு. யார் இரண்டு ரூபாய், யார் ஐந்து ரூபாய் என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் பிள்ளை யாருடையது என்று அதில் எழுதவில்லை!

கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் அரசாங்க வேலை. பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஓய்வூதியக் காகிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அதற்குள் அவருடைய பி.எஃப். வாரிசு நியமனப் படிவத்தின் நகல் கிடைத்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், ‘மனைவி’ என்று அம்மா பெயர், அடுத்த வரியில் ‘மகன், வயது 5’ என்று என் பெயர், கீழே தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும். அமெரிக்காவைப் பற்றி வீட்டில் யாரும் கனவுகூடக் காணாத காலத்தில் எழுதிய வரி அது. பதிலில் எனக்கு இருந்த பெரிய பலம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதோடு 1980-களின் குடும்ப அட்டை, அம்மா பெயர் அச்சான என் முதல் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம், அப்பா இறந்தபோது தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், 2005 நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் எல்லாம் சேர்ந்தன. பழைய பதிவேட்டில் தேடியும் பதிவு இல்லை என்று தாலுகா அலுவலகம் கொடுத்த சான்றைப் பற்றி அந்த உத்தரவிலேயே இருந்ததால், அதற்காகத் தனியாக அலையவில்லை.

ஜாதகத்தையும் வைத்தேன். ஆனந்த வருடம் ஆவணி மாதம் என்று தொடங்கி, இன்னார் பாரியாள் இன்னாருக்கு ஜனனமான புத்திரன் என்று அம்மா பெயர் இருக்கிறது. அதிகாரி இதை எவ்வளவு தூரம் மதிப்பார் என்பது வேறு விஷயம். மற்றதற்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன்.

அஃபிடவிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோட்டரி ஒருவர் தயாராக ஒரு மாதிரி வைத்திருந்தார்: ‘மேற்படி நபரை நான் நன்கு அறிவேன், அவர் இன்னாரின் மகன்.’ இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், நமக்கு என்ன உறவு, இந்த விவரம் தனக்கு எப்படித் தெரியும், அத்தனையும் வேண்டும். கடைசிக் கேள்விதான் உயிர். பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், பிரசவத்தன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. “எங்கடா இருப்பேன், உங்க அம்மா தலமாட்டுல தான்” என்று ஆரம்பித்து, மழையில் மருத்துவச்சியை மாட்டு வண்டியில் கூட்டி வந்தது, தாத்தா திண்ணையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தது வரை சொன்னார். அதையே தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். இரண்டாவது, அந்தத் தெருவிலேயே இருந்த ஒரு தாத்தா. இருவர் எழுதியதும் வரிக்கு வரி ஒன்றுபோல இருந்தால் சந்தேகம்தான் வரும் என்பதால் அவரவர் கண்டதை அவரவர் வாக்கிலேயே விட்டுவிட்டோம்.

தமிழ்க் காகிதம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முழு என்றால் முத்திரையில் உள்ள எழுத்தும் ஓரக் குறிப்பும் சேர்த்து. இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. என் நண்பர் செய்து கொடுத்தார். அம்மா பெயரில் உள்ள ‘லெட்சுமி’ ஆங்கிலத்தில் காகிதத்துக்கு ஒரு ஸ்பெல்லிங்காக இருந்தது, இனிஷியலும் கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருந்தது. இவை எல்லாம் ஒருவரே என்று அம்மாவிடம் தனி அஃபிடவிட் வாங்கி வைத்தேன்.

டி.என்.ஏ. சோதனையும் ஒரு வழி. கட்டாயமில்லை, ஏ.ஏ.பி.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். கெடுவுக்குள் முடியாதோ என்ற பயத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. காகிதமே கிடைக்காதவர்கள் முதல் வாரத்திலேயே அதை யோசிப்பது நல்லது.

முகப்புக் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. எந்த ஆவணம், எந்த ஆண்டு, அதில் அம்மா பெயர் எந்த வரியில் என்று மட்டும் எழுதினேன். குடிவரவு மனுக்களில் பொதுவாகக் கேட்பது சந்தேகத்துக்கு இடமே இல்லாத நிரூபணம் அல்ல. பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் உருக்கமாக எதுவும் எழுதவில்லை. அவர்கள் அனுப்பிய அசல் நோட்டீஸை மேலே வைத்து, அதன் கீழ் கடிதம், அப்புறம் நகல்கள். அசல் ஆவணம் கேட்காதவரை அனுப்ப வேண்டாம். கெடுவுக்கு நிறைய நாள் இருக்கும்போதே கூரியரில் போட்டு, போய்ச் சேர்ந்த ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

மனு அங்கீகாரமாகி, கோப்பு இப்போது, தூதரக நேர்காணலுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் தேசிய விசா மையத்தில் இருக்கிறது. அங்கே கேட்பது அம்மாவின் பிறப்புச் சான்றிதழ். அம்மா பிறந்தது 1953-இல், கையில் இருப்பது ஐந்தாம் வகுப்பு டி.சி. மட்டும். பதிவு இல்லை என்ற சான்றுக்கு மச்சான் மனு கொடுத்துவிட்டார். பெரியம்மா அம்மாவைவிட ஒன்பது வயது மூத்தவர், அடுத்த அஃபிடவிட்டுக்கும் அவர்தான் சாட்சி.