மூன்று முறை வாய் பிளந்த இடுக்கு

நேற்று இரவு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சமையலறை அலமாரியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். இடுக்கை அடைக்கும் பசையான அக்ரிலிக் சீலண்ட் வைத்து 26 நாள் ஆகிறது. மயிரிழை விரிசல்கூட இல்லை. குரோம்பேட்டை வீட்டில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இந்த இடுக்கை நான் அடைப்பது இது நான்காவது முறை.

முதல் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசி மழையில், மரம் ஈரத்தில் ஊதியிருந்த நேரத்தில், வெள்ளைச் சிமெண்ட் பட்டி பார்த்தேன். பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கியதும் கோடு விழுந்தது. சித்திரையில் சுரண்டிவிட்டு மறுபடியும் பட்டி. கதவை அறைந்து சாத்தும் அதிர்விலேயே 12 நாளில் உதிரத் தொடங்கியது. ஆனியில் சிலிக்கோன். கெட்டியாகத்தான் ஒட்டியது. ஆனால் பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராக ஒதுங்கி நின்றது. அதைப் பிளேடால் வழித்து, டர்பண்டைன் துணியால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து அகற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கொஞ்சம் படலம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பெயிண்ட் அடிக்கப்போகும் ஓரத்துக்குச் சிலிக்கோனைக் கொண்டுபோகவே போகாதீர்கள். சிங்க் ஓரத்தோடு அதன் வேலை முடிந்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஆசாரியைத்தான் குறை சொன்னார்கள். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். அலமாரி நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. சாய்ந்திருப்பது சுவர்ப் பூச்சு. மேலே 2 மி.மீ. இடைவெளி, கீழே 9 மி.மீ.

பிசுக்கு எடுப்பது, பழைய பட்டியைத் தட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. இந்த முறை புதிதாகச் செய்தது, இடுக்கின் உள்ளே நுரைக் கயிறு வைத்ததுதான். சீலண்ட் மரத்தையும் சுவரையும் மட்டுமே பிடித்திருக்க வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால், மரம் அசையும்போது அதற்கு இழுபட இடமில்லாமல் கிழிகிறது. பாலிஎத்திலீன் நுரையில் சீலண்ட் ஒட்டாது என்பதால் அது பின்பக்கத்தை விடுவித்துவிடுகிறது. கயிறு இடுக்கின் அகலத்தைவிடக் கால் பங்கு கூடுதல் தடிமனாக இருந்தால்தான் தானாக இறுகி நிற்கும்: 6 மி.மீ. இடுக்குக்கு 8, 9 மி.மீ. இடுக்குக்கு 12. மேலே 2 மி.மீ. இருக்கும் பகுதிக்குக் கயிறே வேண்டாம்.

"கயிற்றை வைத்தா அடைக்கிறாய், அம்மா?" என்று அத்தை கேட்டார். கணக்கைச் சொன்னேன். 8 மி.மீ. அகல இடுக்கில் 15 மி.மீ. ஆழம்வரை சீலண்டைத் திணித்தால் 300 மி.லி. குழல் ஒன்று இரண்டரை மீட்டருக்குத்தான் வரும். கயிறு வைத்து 5 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தினால் ஏழரை மீட்டர் வரும். "அப்படியானால் பரணுக்கும் வைத்துவிடு" என்றார்.

கயிற்றைச் செருகுவதில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். ஸ்குரூ டிரைவரால் குத்தித் தள்ளினால் நுரை பொத்துக்கொண்டு, உள்ளே அடைபட்ட காற்று சீலண்டில் கொப்புளமாக எழும்பும். அதற்காகப் பழைய மர ஸ்கேலின் முனையை மழுக்கி, 5 மி.மீ. தள்ளிக் குறுக்கே ஒரு குச்சியை ஒட்டினேன். குச்சி சுவரில் முட்டியதும் கயிறு சரியான ஆழத்தில் நின்றுவிடும். நான் செய்த கருவிகளிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்தது மாஸ்கிங் டேப். இரண்டு பக்கமும் ஒட்டி, சீலண்ட் இழுத்து, ஈர விரலால் ஒரே வீச்சில் தடவி, உடனே டேப்பை உரித்துவிட வேண்டும். மின்விசிறி ஓடினால் பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டுகிறது. பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து பல்பல்லாக நிற்கும். எனவே விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் இரண்டடி மட்டும் செய்தேன். வியர்வை வழிந்தது, ஆனால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வந்திருக்கிறது. தொட்டுப் பார்ப்பவர்கள் அது ஒட்டு என்று நம்பமாட்டார்கள்.

இந்தக் கயிறு பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. "சுருளாகத்தான் வரும், மேடம், வெட்டிக் கொடுக்கமாட்டோம்" என்றார் ஒரு கடைக்காரர். பாரிமுனைக்கு மின்சார ரயிலில் போய், மூன்று தெரு அலைந்து, மீட்டர் கணக்கில் வாங்கினேன். பிரைமரும் அங்கேயே வாங்கியிருக்கலாம்; டின்னைத் தூக்கிக்கொண்டு கோட்டை நிலையப் படி ஏற மனம் வரவில்லை.

ஆடியில் மரம் நன்றாகக் காய்ந்து இடுக்கு அகன்றிருந்தபோது வைத்த சீலண்ட், ஐப்பசியில் மரம் ஊதும்போது நசுங்கும், பங்குனியில் பழைய அகலத்துக்குத் திரும்பும். அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெயிண்ட் முடிய வேண்டும். அதற்குள் மனம் குளியலறைக் கதவு நிலைக்குத் தாவிவிட்டது. அங்கே மரத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரே சீராக 7 மி.மீ. இருக்கிறது, நேற்றே அளந்துவிட்டேன். பரண் பக்கம் மூன்று மீட்டர் பாக்கி. அரைக் குழல் சீலண்ட் இருக்கிறது, மூக்கில் ஆணி செருகி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஏணியை எடுக்க வேண்டும்.