செவுத்துல ஓதம், அட்வான்ஸ்ல கை வைக்க வந்த ஓனர்

வாடகை வீட்டை காலி பண்ணி அட்வான்ஸ் முழுசா கைக்கு வந்துடுச்சு, ஆனா அதுக்கு பட்ட பாட்டை நினைச்சா இப்பவும் கோவம் அடங்கல. நோட்டீஸ் குடுத்தது, சாமான் ஏத்தினது எல்லாம் சுமுகமா முடிஞ்சது. சிக்கல் பெட்ரூம் செவுத்துலதான்.

பாத்ரூமை ஒட்டின செவுரு, முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் பொரிஞ்சு உப்பு பூத்து கிடந்துச்சு, விரல் வச்சாலே மாவா கொட்டும், ஓரத்துல கருப்பு பூஞ்சை வேற. ஓனருக்கு மெசேஜ் போட்டா "பாக்குறேன்"னு ஒரு பதில் வரும், அதோட சரி. சாவி வாங்க வந்த அன்னைக்கு மட்டும் உத்து உத்து பாத்துட்டு, நீங்க ஜன்னலையே திறக்கல அதான் பூஞ்சை, பெயிண்ட் செலவு மொத்தமும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்னுட்டார்.

நல்லவேளை, முன்னாடியே ஒரு பாலிதீன் ஷீட்டை அந்த செவுத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஷீட்டுக்கு வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல ஈரம் ஜாஸ்தி, காத்தோட்டம் பத்தலன்னு அர்த்தம். செவுத்தை ஒட்டின பக்கம் தண்ணி கோர்த்திருந்தா ஈரம் செவுத்துக்குள்ளேருந்து வருது. எங்க வீட்ல உள்பக்கம்தான் முத்து முத்தா நின்னுச்சு. அதை காட்டியும் அவர் ஒத்துக்கல. சரி சார் வாங்கன்னு கூட்டிட்டு போய், எல்லா குழாயையும் மூடிட்டு வாட்டர் மீட்டரை பாக்க சொன்னேன். முள்ளு மெதுவா நகந்துட்டே இருக்கு. அப்புறம் பேச்சே இல்ல. பிளம்பர் வந்து டைல்ஸை உடைச்சா உள்ள பைப் ஜாயின்ட் லீக்.

உள்பைப், வயரிங், கட்டடத்துல வர்ற கோளாறு இதெல்லாம் பொதுவா ஓனர் தலையில. அடைச்ச டிரெயின், கிச்சன் எண்ணெய் பிசுக்கு, நாம உடைச்சது நம்ம தலையில. அதுல நான் மறுப்பு சொல்லல, எல்லாத்தையும் தேய்ச்சு கழுவிட்டுதான் குடுத்தேன். ஒண்ணு மட்டும் தயவு செஞ்சு கேளுங்க, கறை போகணும்னு டாய்லெட் ஆசிடையும் பிளீச்சையும் ஒண்ணா ஊத்திடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

குடி போற அன்னைக்கே ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க. ரிப்பேர் எதுவா இருந்தாலும் போன்ல பேசினாலும் அப்புறம் ஒரு மெசேஜ் தட்டிடுங்க, எனக்கு அந்த பழைய மெசேஜ்ங்களும் கைகொடுத்துச்சு. அக்ரிமெண்ட்ல "நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்"னு மொட்டையா ஒரு வரி இருந்தா, எதை யார் பாக்கணும்னு பிரிச்சு எழுத சொல்லுங்க. காலி பண்றப்போ அவரையும் கூட வச்சு சுத்தி பாத்து, என்னென்ன கழிக்கிறார்னு எழுதி கையெழுத்து வாங்கின பிறகு சாவியை குடுங்க.