வானியல் நேர்காணலுக்கு ஒரே தலைப்பை ஆழமாகப் படித்த விதம்

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வானியல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலுக்குத் தயாரானபோது, எனக்கு மிகவும் கைகொடுத்த தலைப்பு, பெரிய விண்மீன்களின் கதிர்வீச்சு அருகிலுள்ள கோள் உருவாகும் வட்டுகளை, அதாவது இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயு, தூசித் தட்டுகளை, எவ்வாறு பாதிக்கிறது என்பதே. அடுத்துச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அதைப் படித்த விதத்தை எழுதுகிறேன்.

வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், வட்டிலுள்ள சூடான வாயு எந்தத் தொலைவில் வட்டின் நடுவிலுள்ள விண்மீனின் ஈர்ப்பை மீறுகிறது என்பதைக் கையால் கணக்கிடுங்கள். ஈர்ப்பு மாறிலியை அந்த விண்மீனின் நிறையால் பெருக்கி, வாயுவின் ஒலிவேக வர்க்கத்தால் வகுத்தால் போதும். சூரிய நிறையுள்ள விண்மீனுக்கு, ஒலிவேகம் நொடிக்கு 3 கி.மீ. என்றால் ஏறத்தாழ 100 வானியல் அலகும் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவு), 10 கி.மீ. என்றால் சுமார் 9 அலகும் கிடைக்கும். முன்னது 6 முதல் 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள புறஊதா ஒளி சூடேற்றும் வாயுவுக்கும், பின்னது அதற்கு மேற்பட்ட ஆற்றலால் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்ட வாயுவுக்கும் பொருந்தும்.

இங்கேதான் தேர்வாளர்கள் மடக்குவார்கள். அயனியாக்கும் ஒளிதானே வட்டை அதிகம் அரிக்க வேண்டும் என்று கேட்டால், அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிடக்கூடாது. ஒளி வீசும் பெரிய விண்மீன் மிக நெருக்கத்தில் இல்லாவிட்டால், குறைந்த ஆற்றலுள்ள புறஊதா ஒளி வட்டின் மேற்பரப்பிலிருந்து கிளப்பும் நடுநிலை வாயுக்காற்றே அயனியாக்கும் ஒளியை வட்டுக்கு வெளியிலேயே தடுத்துவிடுகிறது. எனவே வட்டின் வாயு இழப்பின் வேகத்தை நிர்ணயிப்பது அந்த வலுக்குறைந்த ஒளியே. விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவில் ஹபிள் தொலைநோக்கி படம்பிடித்த கண்ணீர்த்துளி வடிவங்களில், ஒளிரும் தலைப்பகுதி அயனியாகும் எல்லையையும், வால்பகுதி அந்தப் பெரிய விண்மீனுக்கு எதிர்த்திசையையும் காட்டுகின்றன. இந்தப் படத்தைப் பார்க்காமல் வரைந்து பழகுங்கள்.

அடுத்து, சூரிய நிறையில் நூற்றில் ஒரு பங்குள்ள வட்டு ஆண்டுக்குச் சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்கை இழந்தால், ஒரு லட்சம் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஓரியன் நெபுலாவிலுள்ள விண்மீன் கூட்டத்தின் வயதோ சுமார் பத்து லட்சம் ஆண்டுகள். அப்படியானால் வட்டுகள் இன்னும் ஏன் மிஞ்சியிருக்கின்றன? பிறந்த மேகத்தின் தூசி தொடக்கத்தில் மறைத்திருக்கலாம், அல்லது விண்மீன்கள் அண்மையில்தான் அந்த ஒளிக்கு அருகே நகர்ந்து வந்திருக்கலாம். இதற்கு ஒற்றை விடை தேடாமல் இரண்டு வாய்ப்புகளையும் விளக்குவதே நேர்மையான பதில் என்பது என் கருத்து.

மார்கழி இரவில் திருவொற்றியூர்க் கடற்கரையில் கிழக்கே பாருங்கள். துறைமுக விளக்கொளியையும் மீறி, வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலான திட்டு ஒன்றை இருநோக்கி காட்டிவிடும். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த ஓரியன் நெபுலாவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படித்தால் மனம் ஒன்றிப் படிக்க முடிகிறது.

அங்கே கோள்களே உருவாகாதா என்று கேட்டால், வாயு முதலில் வெளிப்புறத்திலிருந்து போகிறது, வளர்ந்த துகள்கள் காற்றோடு எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை, ஈர்ப்பு குறைந்த சிறு விண்மீன்களின் வட்டுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன என்று பிரித்துச் சொல்லுங்கள். பெரிய விண்மீன்கள் நிறைந்த என்.ஜி.சி. 6357 என்ற நெபுலாப் பகுதியில், ஒரு வட்டின் உட்பகுதியில் நீராவி இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டறிந்ததாக 2023-இல் வெளியான முடிவையும் அதற்குச் சான்றாகச் சேர்க்கலாம்.