ட்ரோன் செய்யப் போய் மருந்தடிக்க வந்த கதை

2021 ஆகஸ்ட் கடைசியில் புதிய ட்ரோன் விதிகள் வந்தன. 25 படிவங்கள் 5 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை இருந்த மஞ்சள் மண்டலம் (அனுமதி வாங்கிப் பறக்க வேண்டிய பகுதி) 12 ஆகச் சுருங்கியது. எங்கள் வயல் 20 கிலோமீட்டரில். உட்கார்ந்த இடத்திலேயே, அனுமதி கேட்காமல் தாழப் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்துக்கு வந்துவிட்டோம். நானும் நண்பனும் வேலையை விட்டோம்.

10 லிட்டர் மருந்து டேங்க் வைத்து நாங்களே ஒரு ட்ரோனைப் பூட்டினோம். நன்றாகவே பறந்தது. இதையே செய்து விவசாயிகளுக்கு விற்பதுதான் திட்டம்.

வகைச் சான்றிதழில் (ட்ரோன் மாடலைச் சோதித்துத் தருவது) வந்து முட்டினோம். அது இல்லாமல் ட்ரோனுக்குப் பதிவு எண் கிடையாது; எண் இல்லாமல் கூலிக்குப் பறக்க முடியாது. சான்றிதழ் தருவது மாடலுக்கு. நாங்களோ மாதம் ஒரு முறை மோட்டாரை மாற்றிக்கொண்டிருந்தோம். சோதனைச் செலவைக் கேட்டதும் பேச்சே வரவில்லை; இருவர் சேமிப்பையும் கூட்டினாலும் எட்டாத தொகை.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. பாகங்கள் மட்டும் வரலாம். "இனி உங்க காலம்தான்" என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். சான்றிதழ் கையில் இருந்தவர்களின் காலம் அது.

விற்பதை விட்டு, மருந்தடித்துக் கொடுக்கும் தொழிலுக்கு மாறினோம். பைலட் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பு போதும். பயிற்சியில் என் பக்கத்தில் இருந்த டிராக்டர் ஓட்டுநர், இன்ஜினியரான என்னைவிட நேர்த்தியாக இறக்கினார். பிறகு கடன், சான்றிதழ் பெற்ற ட்ரோன், மூன்றாம் நபர் காப்பீடு. பதிவு எண்ணுக்குக் கட்டணம் 100 ரூபாய்தான். ஆனால் ட்ரோன் வாங்கிய பில் எங்கள் நிறுவனத்தின் பெயரில், பதிவுத் தளத்தில் கணக்கு என் பெயரில். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் போனது. (வாங்கும் முன்பே பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.)

அப்புறம் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பறக்க அனுமதி வேண்டாம். பயிருக்கு மேல் மூன்று மீட்டரில் போகும் எங்களுக்கு அது தாராளம். 7 கிலோமீட்டரில் என்றால், அதே மூன்று மீட்டருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அங்கிருந்து கூப்பிட்ட பெரியவர் ஒருவரிடம் விளக்கினேன். "என் தென்ன மரமே உன் ட்ரோன விட உசரம் தம்பி. அதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" என்றார். பதில் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் அனுமதிக்குக் காத்திருந்தால் பூச்சி காத்திருக்குமா? அந்தப் பக்கத்து வேலைகளை விட்டுவிட்டோம். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் "எத்தனை ஏக்கர்?" என்பதற்கு முன் "எந்த ஊரு?" என்றுதான் கேட்கிறேன்.

நாங்கள் பூட்டிய ட்ரோன் பரணில் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் உள்ள தயாரிப்பாளர், பச்சை மண்டலத்தில் தன் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியில் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடலாம் என்று விதியில் இடமுண்டு. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வயலுக்கு மேல் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. போன வாரமும் ஒரு மோட்டாரை மாற்றினோம்.