ஆயா வீட்டிலிருந்து தொண்டிக் கடலுக்கு

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிப் பூக்கல் தரையையும் எடுத்துவிட்டு அப்படியே மதுரைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்தில் கடல் என்று சொன்னால் பலர் நம்புவதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஆயா என்று நாங்கள் கூப்பிடுகிற பாட்டியின் வீட்டு முகப்பில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவில் வளர்ந்த மரம், ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர். இந்த வீடுகள் எல்லாமே கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த காசில் எழும்பியவை, அப்படியிருக்க வீட்டைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் போனால் பாதி ஊரைத்தானே பார்த்ததாகும்?

தை பிறந்து பத்து நாள் கழித்து, நானும் அம்மான் மகனும் விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். வழி நெடுக சீமைக்கருவேலம், காய ஆரம்பித்த கண்மாய்கள். திருவாடானை நெருங்கும்போது 9 நிலைக் கோபுரம் தூரத்திலேயே கருப்பாக எழுந்து நின்றது. சம்பந்தர் பாடிய ஆதிரத்தினேஸ்வரர் கோயில் அது. வண்டியை ஓரம் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பின்னால் வைத்து நாலு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். கொச்சியில் தொடங்குகிற நெடுஞ்சாலை தொண்டியில்தான் முடிகிறது. அரபிக்கடல் பக்கமிருந்து வருகிற சாலையின் கடைசித் துண்டில் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் பிடித்திருந்தது.

தொண்டியில் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்துக்கு எழும். இந்தப் பாக் விரிகுடாக் கடல் ஆழமில்லாதது, அலையும் பெரிதாக இருக்காது. வெகுதூரத்தில் நிற்கிற வள்ளத்துக்கு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். கரையில் நண்டு ஏலம் நடக்கும் இடத்தில் செம்பருந்துகள் வட்டமடித்தன, தூக்கி எறிகிற குடல், செதில் மணலில் விழுவதற்குள் ஒன்று வந்து கால்நகத்தில் கவ்விக்கொண்டு போய்விடும். ஷட்டரை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வைத்தும் முதல் இருபது படம் கலங்கல்தான். அப்புறம்தான் பருந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, அது தாழ வருகிற இடத்தில் லென்ஸை வைத்துக் காத்திருந்தேன்.

அங்கிருந்து தெற்கே காரங்காடு. இந்தப் பயணமே அதற்காகத்தான். ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஓடையின் இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போல ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள். படகைக் கரையோரம் ஒதுக்கி ஓர் இலையைக் காட்டினார் படகுக்காரர். இலைமேல் பொடிப்பொடியாக வெள்ளை. நாக்கில் வைத்தேன், உப்பு! வேர் வழியாக ஏறுகிற உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் பட்டு அந்த உப்புத்துகள் மின்னியதை மேக்ரோ லென்ஸில் எடுக்கவே அரை மணி நேரம் போய்விட்டது. கீழே சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

இங்கே படமெடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் எதிர்வெயிலில் பறவையெல்லாம் கரி உருவமாகத்தான் வரும். படகில் முகத்துவாரம் வரை போய் கரைப்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், வெயில் உங்கள் முதுகுக்கு வந்துவிடும். வெள்ளைப் பறவைக்குப் பின்னால் கரும்பச்சைக் காடு என்பதால் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால்தான் இறகு இறகாகத் தெரியும்.

அப்படித் திரும்பியபோதுதான் பூநாரைகள். நூறுக்குக் குறையாது. முழங்கால் தண்ணீரில், தலையைத் தலைகீழாக அமிழ்த்தி அலகால் சேற்றை அரித்தபடி. பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கிற சிவப்பு முழுசாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஆசையும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்றேன். படகுக்காரர் எஞ்சினையே நிறுத்திவிட்டார். "வேணாம்ண்ணே. பறக்க வச்சுட்டா இன்னிக்கு இந்த இடத்துல மேயாது. அம்புட்டுத் தூரம் வந்தது தீனிக்குத்தானே."

எங்கள் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி நினைவுக்கு வந்தது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கும் வெடி போடாத ஊர். அங்கேதான் நான் பறவை பார்க்கவே பழகினேன். சரி என்று கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம். அவை மேய்ந்தபடியே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன.

இதே பாக் விரிகுடாவில், வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரையை ஒட்டி, 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்கிற சாதுவான பிராணி. நான் இதுவரை பார்த்ததில்லை.

தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்தோம், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல். நல்ல கூட்டம், உச்சிவெயில், படம் ஒன்றும் தேறவில்லை. திரும்பும்போது ஓரியூர் போனோம். 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்று நம்பி மக்கள் ஒரு பிடி எடுத்துப்போகிறார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது அந்த மண்ணின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டி அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்ட கையை மட்டும், அவரிடம் கேட்டுவிட்டு, எடுத்தேன்.

ராத்திரி ஆயாவிடம் பூநாரைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னப்பு, ஒண்ணுக்கும் தலையே காணோம்?"

"தண்ணிக்குள்ள இருக்கு ஆயா. சாப்பிடுது."

"அப்பச் சரி. சாப்பிடட்டும்."