வட்டவளை, நுவரெலியா: கட்டத்தில் கரையும் மழை

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுப் பிரிவில் முன்பெல்லாம் பாதி வேலை காத்திருப்பதுதான். காலநிலைத் தரவைத் தரவிறக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இரவில் கரண்ட் போனால் காலையில் அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும். வன்தட்டு வாங்கக் காசு கேட்டு எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் அதுவே ஒரு ஆய்வறிக்கை.

இப்போது அந்தத் தலையிடி இல்லை. 2010இல் வந்த கூகுள் ஏர்த் என்ஜின் போன்ற தளங்களில் தரவு அங்கேயே கிடக்கும்; நாம் எழுதும் நாலு வரி நிரல் அங்கே போய்க் கணக்குப் பார்த்து, விடையோடு திரும்பும். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 என்ற காலநிலைத் தரவு 1940 வரை பின்னோக்கிப் போகிறது, அதுவும் மணிக்கு மணி. சாதாரண மடிக்கணினியும் பொறுமையும் உள்ள எந்த மாணவியும் அதைத் தொடலாம்.

தொட்டவுடன் வரைபடம் வந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கட நாள் எத்தனை மணிக்குத் தொடங்குது?" இங்கே மழைமானியைக் காலை 8.30க்குப் பார்ப்பார்கள். ஈஆர்ஏ5இன் நாள் கிரீனிச் நள்ளிரவில், அதாவது எங்கள் காலை 5.30க்குத் தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழை மறுநாள் காலையில்தான் மானியில் அளக்கப்படும். திகதியைச் சரிபார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டால், ஒழுங்கான தரவும் உதவாக்கரையாகத் தெரியும். அலகு வேறு: மழை அங்கே மீற்றரில் இருக்கும், ஆயிரத்தால் பெருக்க வேண்டும். நாள் முழுக்கப் பெய்தும் 0.04 என்று வந்தால் யார்தான் நம்புவார்கள்?

ஹற்றன் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை ஆய்வுக்கு வந்தாள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எங்க தோட்டம் எங்க இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. ஈஆர்ஏ5 உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மழையளவைத் தரும். ஒரு கட்டம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் அகலம். மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை; நுவரெலியாவில் 2,000 வரைதான். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும். இவ்வளவு பெரிய கட்டமோ இந்த வேறுபாட்டைக் கரைத்து, எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழையைத் தரும்.

சரி, ஐந்தரை கிலோமீற்றர் கட்டமுள்ள சிர்ப்ஸ் என்ற மழைத் தரவை எடுப்போம் என்றாள். 1981இலிருந்து இருக்கிறது, நல்ல தரவுதான். ஆனால் அது செய்மதியின் அகச்சிவப்புப் படத்தில் முகில் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து மழையை ஊகிக்கிறது. தரை மானிகளின் அளவைப் பிறகு கலக்கிறது. மேற்குச் சரிவில் தாழ்ந்த, அவ்வளவு குளிராத முகில்களும் நாள்கணக்கில் ஊற்றும். செய்மதிக்கு அது பெரிய மழையாகத் தெரியாது. கிட்ட மானி இருந்து, அதன் அளவும் சேர்ந்தால்தான் திருத்த முடியும்.

அந்த மானி தோட்டத்து ஒபிசில் இருந்தது. பழைய பதிவேடு, நீல மையில் நாளுக்கொரு எண். முந்திய பக்கங்கள் அங்குலத்தில், பிந்தியவை மில்லிமீற்றரில். அலகு மாறிய இடத்தில் ஒரு குறிப்பும் இல்லை. திடீரென்று எண்கள் பெருத்த இடத்தைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். இந்த வேலையை எந்தத் தளமும் செய்து தராது. உலகத்தின் தரவு நொடியில் திறக்கிறது, ஊரின் தரவு அலுமாரிக்குள் செல்லரிக்கிறது. காசு இருந்தால் முதலில் அந்த அலுமாரிக்குத்தான் செலவழிப்பேன்.

தளங்களும் நிரந்தரமில்லை. மைக்ரோசொப்டின் பிளானட்டரி கம்ப்யூட்டர் என்ற இதேமாதிரித் தளம், நிரலை ஓட்டிக் கணக்குப் பார்க்க இலவசமாகத் தந்த இடத்தை 2024இல் மூடினார்கள். தரவு மட்டும் திறந்திருந்தது. அதனால் எங்கும் ஓடக்கூடிய பைதன் நிரல்மொழியில் எழுதி வைக்கச் சொல்லித்தான் நான் மல்லுக்கட்டுவது. அந்தப் பிள்ளை இப்போது பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அளவெடுக்காமல் திங்களில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் போல, அதை எப்படிப் பிரிப்பது என்று நேற்றும் வாதாடினோம்.