பேத்தை மாட்டிய கதை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் தூத்துக்குடியில் மாமியார் வீட்டுக்குப் போய் அன்று ஆறாம் நாள்.

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. காலையில் பையோடு மார்க்கெட்டுக்குப் போன மாமா, சீலா மீனின் விலையைக் கேட்டுவிட்டு (எங்கள் ஊரில் வஞ்சிரம்) அப்படியே திரும்பி வரும் வழியில் ஒரு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வாரத்தில் நான்காவது முட்டைக் குழம்பு. "கடலோர ஊர்ல பொண்ணு எடுத்துட்டு முட்டையா?" என்று நான் மனைவியிடம் முணுமுணுத்தது மச்சினன் காதில் விழுந்துவிட்டது.

"அத்தான், நாமளே பிடிச்சிருவோம்" என்றான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். தண்ணீர் என்றால் எனக்குச் சிறுவாணி, மீன் என்றால் உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் மேல் படுத்திருப்பது. ஆனாலும் மாமியார் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "பிடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் மசாலா அரைச்சு வைக்கேன்" என்று அவர் சொன்ன விதத்தில், எனக்கே நான் ஏதோ நாலு தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவன் மாதிரி தோன்றியது. ஆறு வயது மகளும் தொற்றிக்கொண்டாள்.

முயல் தீவுக்குப் போனோம். பெயர்தான் தீவு, ரோட்டிலேயே வண்டியில் போய்விடலாம். காணும் பொங்கலன்று ஊரே கட்டுச்சோற்றோடு இங்கேதான் இருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பதால் பத்து முப்பது பேர் இருந்தார்கள். ஓரமாக ஓர் ஆச்சி, சாக்கு விரித்து மாங்காய் கீறி மிளகாய்த்தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே நாங்கள் வாளியை வைத்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரை இறால் துண்டு. எனக்கு ராடும் ரீலும், மச்சினனுக்குக் கைநரம்பு. முதல் முறை வீசியதும் சுண்டியது. இழுத்தேன், காலி. இரையும் இல்லை, முள்ளும் இல்லை. நரம்பு கத்தரிக்கோல் போட்டு வெட்டியது போல முடிச்சுக்கு மேலே நறுக்கென்று அறுந்திருந்தது. "பாறையில உரசியிருக்கும்" என்றான் மச்சினன். இரண்டாவது முள்ளும் அப்படியே போனது. மூன்றாவதும் போனது. கீழே மணல், பாறையே கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் நரம்பு விற்ற கடைக்காரனைத் திட்டினோம்.

நான்காவது முள்ளில் மாட்டிவிட்டது.

ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். முதுகு பச்சை கலந்த சாம்பல், பக்கவாட்டில் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மினுக்கம், வயிறு வெள்ளை. பெரிய வட்டக் கண். பார்த்தால் லட்சணமான மீன். என் வாழ்நாளில் நான் பிடித்த முதல் மீன் வேறு. சில ஆண்களுக்கு முதல் குழந்தையைக் கையில் வாங்கும்போது வரும் என்பார்களே, அந்த உணர்ச்சி. (மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி கேண்டீனில் இருந்தேன். அது வேறு கதை.)

"என்ன மீன்டா இது?"

மச்சினன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாரைக்குட்டி மாதிரி இருக்கு. இல்ல... மடவை? மடவைக்கு இந்த மூஞ்சி கிடையாதே." பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

போனில் படம் எடுத்து, மீனை அடையாளம் சொல்லும் ஆப்பில் போட்டேன். சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு 'மீன்' என்றது. அதுவரைக்கும் நானே வந்திருந்தேன். இன்னொரு படம் போட்டேன், சம்பந்தமே இல்லாத ஐந்து மீன்களைக் காட்டி எது வேண்டும் என்று என்னையே கேட்டது.

மாமாவுக்கு அனுப்பினேன். "துண்டு போட்டுக் காட்டுங்க, சொல்லுதேன்" என்று பதில் வந்தது. அவர் நாற்பது வருஷம் மீன் சாப்பிட்டவர்தான், ஆனால் தட்டில் வந்த பிறகுதான் அவருக்கு மீனோடு பழக்கம்.

கோவை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கே குடிநீர்ப் பிரச்சினைக்குப் பதில் வர மூன்று நாள் ஆகும். மீனுக்கு மூன்று நிமிஷத்தில் பதினோரு பதில். "இது கெண்டைங்க, ஆழியாறு டேம்ல எங்க சித்தப்பா புடிப்பாரு" என்றார் ஒருவர். "ஜிலேபி மீன், சந்தேகமே வேண்டாம்" என்றார் மூன்றாவது மாடிக்காரர். டேம் மீனைக் கடலில் பிடித்திருக்கிறேன் என்று இருவரும் நம்பினார்கள். ஒரு சைவக் குடும்பத்திலிருந்து கும்பிடும் கை மட்டும் வந்தது.

"அப்பா, இதுக்குப் பல்லு இருக்கு" என்றாள் மகள்.

வாளிக்குள் குனிந்து பார்த்தேன். இருந்தது. கிளி மூக்கு மாதிரி மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் நேர் கோடாக ஒரு பிளவு. முன்னால் இரண்டு பல்லை நீட்டிய முயல் போல என்னைப் பார்த்தது. மச்சினன் முள்ளைக் கழற்றக் குறடை நீட்டினான். 'டக்' என்று அதைக் கவ்வியது. இரும்பில் பல் மோதிய அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மூன்று முள்ளும் போன வழி அப்போதுதான் புரிந்தது. வயிற்றைத் தொட்டேன். செதிலே இல்லை, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. வயிற்றடியில் மற்ற மீன்களுக்கு இருக்கும் அந்த ஜோடித் துடுப்பும் இல்லை.

முள் எப்படியோ வந்துவிட்டது. கையில் தூக்கினேன். 'கர்ர், கர்ர்' என்று தவளைபோல ஒரு சத்தம். அப்புறம் உப்ப ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, பூரி எண்ணெயில் எழும்புவது போல, வயிறு மட்டும் உருண்டு திரண்டு பந்தாகி, மீன் என்பது அந்தப் பந்தின் மேல் ஒட்டிய தலையும் வாலும் என்றாகிவிட்டது. மகள் கைதட்டினாள். நான் வாளிக்குள் நழுவவிட்டேன்.

பக்கத்தில் ஆச்சி ஒரு மாங்காயைக் கீறி முடித்தார். கத்தியைச் சாக்கில் துடைத்தார்.

"யய்யா, அது பேத்தை. வீட்டுக்குக் கொண்டு போகவா போறீங்க?"

ஆப்பு, குழு, மாமா, கம்ப்யூட்டர் கடை, எல்லாமாக முக்கால் மணி நேரம். ஆச்சிக்கு அரை நொடி.

"ஏன் ஆச்சி, முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"நீங்க அதுக்குக் கல்யாண வீட்டு போட்டோ மாதிரில எடுத்துக்கிட்டு இருந்தீங்க. திங்கப் போறீங்கன்னு யாரு கண்டா? எங்க வலையில வந்தா அப்பவே தூக்கி வீசிருவோம். வேக வச்சாலும் பொரிச்சாலும் அதோட விஷம் போகாது."

"விஷமா? நான் கையில புடிச்சிட்டேனே!"

"புடிச்சா என்ன? கெளுத்தி முள்ளு குத்தும், திருக்கை வாலுல அடிக்கும், ஓரா மீனு முள்ளு பட்டாக் கடுக்கும். இது ஒண்ணும் செய்யாது. வாயில விரல வச்சாக் கடிக்கும், அவ்வளவுதான். தின்னாத்தான் ஆள முடிச்சிரும்."

நியாயமாக இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கையில் போன் இருந்ததே. பெயர் தெரிந்துவிட்டதால் இப்போது எல்லாம் கொட்டியது. விஷத்தின் பெயர் டெட்ரோடோடாக்சின். ஈரல், முட்டை, தோல் ஆகியவற்றில் அதிகம், சில இனங்களில் சதையிலும். மீன் இதைத் தானாகத் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்களிடமிருந்து வந்து சேர்கிறது. மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் நின்றுபோகும், விஷம் வடியும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பல நேரம் கடைசிவரை நினைவு தெளிவாகவே இருக்குமாம். ஜப்பானில் இதற்கு ஃபுகு என்று பெயர், உரிமம் பெற்ற சமையல்காரர்தான் அறுக்கலாம். அப்படியும் 1975இல் பந்தோ மிட்சுகோரோ என்ற பெரிய கபுகி நடிகர் ஈரலை ஆசைப்பட்டு நாலு பங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். 1774இல் கேப்டன் குக் நியூ கலிடோனியாவில் துளி ஈரல் சாப்பிட்டுக் கை கால் மரத்துத் தப்பித்தார், குடலைத் தின்ற பன்றி செத்தது. நம் கையில் இருக்கும் வகைக்கு லாகோசெஃபாலஸ் என்று பேர், அர்த்தம் 'முயல் தலை'. முயல் தீவில் முயல் தலை. வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன்.

ரசிக்க முடியாததற்குக் காரணம் அடுத்த வரி. முதல் அறிகுறி: உதடும் நாக்கும் கூசி மரத்துப்போதல். பெரும்பாலும் 10 முதல் 45 நிமிடத்துக்குள்.

எனக்கு உதடு எரிந்தது.

மீன் பிடித்த அதே கையால்தான் மாங்காய் தின்றிருந்தேன். மணியைப் பார்த்தேன். நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். மரத்துப்போன மாதிரியும் இருந்தது, மரக்காத மாதிரியும் இருந்தது. வீட்டுக் கடன் இன்சூரன்ஸ் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேனா? குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "விஷ மீனாம்."

"ஆச்சி, உதடெல்லாம் எரியுது..."

"அம்புட்டு மிளகாத்தூளு கேட்டு வாங்கித் தின்னா எரியாதா?" என்றார்.

சரி. உயிர் பிழைத்தவனின் முதல் கடமை மசாலாவை நிறுத்துவது. போனில் சார்ஜ் நாலு சதவீதம். மாமியாருக்கு அடித்தேன். கடற்காற்று அப்படி இரைந்தது.

"அத்தை, மசாலா அரைக்காதீங்க! மாட்டுனது பேத்தைங்க!"

"என்னது? பேத்தி மாட்டிக்கிட்டாளா? எதுல?"

"தூண்டில்லதான். முள்ளு எடுத்தாச்சு."

"ஐயையோ! இப்ப எப்படி இருக்கு?"

"வயிறு உப்பிப்போயி வாளிக்குள்ள கெடக்குதுங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இங்க ஒரு ஆச்சி, கடல்ல தூக்கிப் போட்டுறச் சொல்லிட்டாங்க. நாங்க போட்டுட்டு வந்துடறோம்."

போன் அணைந்தது.

அவர் ஏன் அவ்வளவு பதறினார் என்று ஒரு கணம் யோசித்தேன். முதல் மீன் ஆயிற்றே, அத்தைக்கும் ஆசை இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பேத்தையைக் கடலில் விடுவதும் லேசாக இல்லை. காற்றை விழுங்கி உப்பியிருந்ததால் வயிறு மேலே, முதுகு கீழே என்று பந்தாக மிதந்தது. அலை அதைத் திரும்பத் திரும்ப எங்கள் காலடியிலேயே கொண்டு வந்து சேர்த்தது. ஆச்சிதான் வந்து, வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் குமிழ் குமிழாக விட்டுச் சுருங்கியது. ஒரு வெட்டு வெட்டிப் போய்விட்டது. மகள் டாட்டா காட்டினாள்.

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வழியில் பேக்கரியில் நிறுத்தி மக்ரூன் வாங்கினோம். நல்ல கூட்டம். அரை மணி நேரம் போய்விட்டது. மச்சினனின் போன் உப்புத்தண்ணீர் படக் கூடாதென்று வண்டி சீட்டுக்கு அடியில் சைலன்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

தெரு முனையில் திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. மாமா ஒரு காலில் செருப்போடு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி ஆட்டோவைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். என் மனைவி வெளிறிப்போய் வாசல் தூணைப் பிடித்திருந்தாள். நடுத்தெருவில் மாமியார், "மாதாவே, தங்கமாட்டம் புள்ளைய" என்று ஆரம்பித்தவர், வண்டியின் முன்னால் நின்றபடி மக்ரூன் தின்றுகொண்டு வந்த தங்கத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அள்ளி அணைத்து, வயிற்றைத் தடவி, வாயைத் திறக்கச் சொல்லி முள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருஷம், 'நீங்க'வைத் தவிர வேறு வார்த்தை கேட்டதில்லை.

"கடல்ல போட்டுட்டு வாறேன்னு சொன்னீரே?" என்றார்.

விளக்கினேன். பேத்தை, பேத்தி. ஐகாரம், இகரம். மச்சினன் சிரித்துத் தொலைத்தான். அவனுக்கு ஓர் அறை விழுந்தது. எனக்கு விழ வேண்டியது, மாப்பிள்ளை என்பதால் கைமாறிவிட்டது.

மசாலா ஏற்கெனவே அரைத்தாகிவிட்டிருந்தது. தேங்காய், மல்லி, வற்றல், சின்ன வெங்காயம், எல்லாம் மணக்க மணக்க. அதில் என்ன போடுவது? முட்டைதான். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து மணிக்குப் போனைச் சார்ஜில் போட்டு ஆன் செய்தேன். அபார்ட்மென்ட் குழுவில் என் "விஷ மீனாம்" என்ற வரிக்குக் கீழே வரிசையாகக் கிடந்தது. ஜிலேபி மீன்காரர்: "சாப்பிட்டீங்களா?" பத்து நிமிஷம் கழித்து: "சார்?" இன்னொருவர்: "போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது." அதற்குக் கும்பிடும் கைகள் ஏழு. கடைசியாக எங்கள் செயலாளர்: "அவரு இந்த மாச மெயின்டெனன்ஸ் கட்டிட்டாரா?"